வேர் எந்தப் பிரிவு?

மரத்துக்காக மனிதன் செய்த தியாகங்களின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்படும் நாளில் அதன் முதல் அத்தியாயம் மே கான் என்ற ஊரின் நகராட்சிக்குத்தான். மற்ற ஊர்களில் சாலை வந்தால் மரத்தை வெட்டுகிறார்கள். கட்டடம் வந்தாலும் வெட்டுகிறார்கள். மே கானில் ஒரு மரத்தைக் கொண்டாடுவதற்காகவே ஒரு பூங்கா கட்டினார்கள். கட்டி முடிக்கும்வரை அந்த மரத்தின் பட்டையில் நகக்கீறல்கூட விழவில்லை.

இந்தச் சாதனையில் பைதூனின் பங்கு பெரிது. நகராட்சியின் பசுமைப் பிரிவு அலுவலர் அவர். பிரிவு என்றால் அவரும் ஒரு தண்ணீர் லாரியும். வனவியல் படித்தவர். பதினான்கு ஆண்டுகளாக எந்தக் கூட்டத்திலும் மின்விசிறியைத் தவிர வேறு யாரையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை. ஆகவே அவர்மேல் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை.

மரம், சந்தைக்கு எதிரே நின்ற தூங்குமூஞ்சி மரம். வயது நூற்றுப்பத்து. அடிமரத்தைச் சுற்றி வண்ணவண்ணமாகப் பட்டுத்துணி கட்டியிருக்கும். நிழலில் நாற்பது மோட்டார் சைக்கிள்களும், இரண்டு லாட்டரிக்காரர்களும், புவாகம் அக்காவின் கனோம்ஜீன் என்ற அரிசிச் சேவைக் கடையும் தாராளமாக அடங்கும்.

அதைச் சுற்றித்தான் ‘மரத்தடி மகிழ்ச்சி மையம்’ அமைப்பதென்று தலைவர் வொராவிட் முடிவு செய்தார். ஓடு பதித்த நடைபாதை, இடுப்பு உயரத்துக்குப் பூச்செடி மேடை, நீரூற்று, வண்ண விளக்கு, ‘மே கான் என் உயிர்’ என்று ஆள் உயர எழுத்துகள். எழுத்துகளுக்கு முன்னால் நின்று யாரும் படம் எடுத்துக்கொள்ளாத ஊர் ஊரே அல்ல என்பது, பக்கத்து மாவட்டத்துக்குக் கல்விச் சுற்றுலா போய்வந்த தலைவர் கண்டறிந்த உண்மை.

“ஒரு இலைகூட உதிரக்கூடாது,” என்றார் தலைவர் கூட்டத்தில். “மரம் நமக்கு அம்மா மாதிரி.”

எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்தபோது பைதூன் எழுந்து நிற்பதைப் பார்த்து எல்லோருக்கும் ஆச்சரியம். பைதூனுக்கும்தான்.

“தலைவரே, மரத்துக்கு வேர் இருக்கு.”

கூட்டம் இதை மறுக்கவில்லை.

“அது நேரா கீழே போறதில்லே. பக்கவாட்டிலே போகும். கிளை எவ்வளவு தூரமோ அதையும் தாண்டிப் போகும். பெரும்பாலான வேர் முழங்கால் ஆழத்துக்குள்ளேயேதான் இருக்கு. அதனாலே மரத்தைச் சுத்திப் பதினஞ்சு மீட்டருக்குத் தோண்டக்கூடாது. மண்ணு கொட்டக்கூடாது. லாரி, ரோலர் ஏறக்கூடாது. மண்ணு இறுகினா வேருக்கு மூச்சு முட்டும்.”

“வேர் மூச்சு விடுமா?”

“விடும், தலைவரே.”

தலைவர் சுற்றிலும் பார்த்தார். “யாராவது பார்த்திருக்கீங்களா?”

யாரும் பார்த்ததில்லை.

“பதினஞ்சு மீட்டர் விட்டுட்டா பூங்காவை எங்கேப்பா கட்டறது? ஆத்துக்குள்ளேயா?”

இந்த இடத்தில் பொதுப்பணிப் பிரிவுப் பொறியாளர் நிகோம் குறுக்கிட்டார். விதிப்புத்தகம் இல்லாமல் கழிப்பறைக்குக்கூடப் போகாதவர் அவர்.

“பசுமைப் பிரிவு, விதி மூணு. மரம் என்பது தரைமட்டத்திலேர்ந்து மேலே அளக்கப்படுவது. தரைக்குக் கீழே இருக்கறது எல்லாம் பொதுப்பணி. குழாய், கம்பி, சாக்கடை. ஏன் பைதூன், வேர் மேலே இருக்கா, கீழே இருக்கா?”

“கீழேதான் அண்ணே.”

“அப்போ எங்க பிரிவு.” நிகோம் வரைபடத்தை விரித்து விரலால் தேடினார். “ஆனா இதிலே வேர்னு ஒண்ணும் காணோமே. குழாய் இருக்கு. தொலைபேசிக் கம்பி இருக்கு. அனுமதி வாங்காம நூத்துப்பத்து வருஷமா உள்ளே உட்கார்ந்திருக்கு! முறைப்படி பார்த்தா நோட்டீஸ் விடணும். போகட்டும், உனக்காகக் கண்டுக்காம விடறேன்.”

பைதூன் நன்றி சொன்னார். எதற்கு நன்றி சொன்னோம் என்பது மாடிப்படி இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று மதியம் புவாகம் அக்காவின் கடையில் போய் உட்கார்ந்தார். அக்கா இருபத்திரண்டு வருடமாக அந்த நிழலில் கடை வைத்திருப்பவர். அரிசிச் சேவையின்மேல் தக்காளியும் பன்றி ரத்தமும் கொதித்த குழம்பை ஊற்றிக் கிண்ணத்தை எதிரில் வைப்பதற்குள் மனதில் இருப்பதையெல்லாம் கறந்துவிடுவார்.

“கூட்டத்திலே என்ன பேசினே தம்பி?”

“வேரைப் பத்திச் சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“வேர் என் பிரிவு இல்லையாம்.”

“அதுக்கு நீ என்ன சொன்னே?”

“நன்றி சொன்னேன்.”

அக்காவின் கரண்டி நின்றது. “என்னத்துக்கு?”

“தெரியலே அக்கா. வாயிலே வந்துடுச்சு.”

“உன் வாயிலே நன்றியும் ‘சரிங்க ஐயா’வும் தவிர வேற ஒண்ணும் வந்து நான் பார்த்ததில்லே. உனக்கு மட்டும் மிளகாயை ரெண்டு மடங்கு போட்டுப் பார்க்கறேன், அதுக்குக்கூடக் கத்தமாட்டேங்கறே.” அக்கா அண்ணாந்து கிளைகளைப் பார்த்தார். “சும்மா சாப்பிடு. இந்த மரத்தை எவனும் தொடமாட்டான். மரத்தம்மா உள்ளே இருக்கா. அன்னிக்கு கேபிள்காரன் ஒரு கிளையை வெட்டினான். மூணு நாள் அவன் வண்டி கிளம்பலே.”

“பெட்ரோல் தீர்ந்துபோச்சுன்னு அவரே சொன்னாரே அக்கா.”

“தீர்த்தது யாரு?”

வனவியலில் இதற்குப் பதில் இல்லை.

“அவ இருக்கற வரைக்கும்தான் எனக்கும் பொழப்பு,” என்றார் அக்கா. “நிழல் போனா, ஏப்ரல் வெயில்லே உட்கார்ந்து சூடா குழம்பு குடிக்க எவன் வருவான்? நீகூட வரமாட்டே.”

அக்கா சொன்னது சரியாகத்தான் இருந்தது. மறுநாள் நிகோம் கூட்டிவந்த எட்டுத் தொழிலாளர்களும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். மரத்தம்மாவிடம் கேட்காமல் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட எடுக்கமாட்டோம் என்றார்கள். தலைவர் உடனே ‘பங்கேற்பாளர் கலந்தாய்வுக்கு’ உத்தரவிட்டார். அதாவது படையலுக்குப் பன்றித் தலை, வேகவைத்த கோழி, உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா, சாமியாடி இன்தா அம்மா.

பைதூனின் அறிவியல் வாழ்க்கையில் அது ஒரு திருப்பம். ஆவிகளில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் விதி மூன்றில் நம்பிக்கை இன்னும் குறைவு. அன்றே இன்தா அம்மாவின் சலவைக்கடைக்குப் போனார். சாமி இறங்காத நாட்களில் அந்த அம்மா சட்டை தேய்ப்பார்.

“அம்மா, நாளைக்கு மரத்தம்மா வரும்போது, மண்ணைத் தோண்டக்கூடாதுன்னு ஒரு வார்த்தை...”

“நீ சொல்லி நான் சொல்றதுக்கு நான் என்ன ஒலிபெருக்கியா?” இன்தா அம்மா காலரை அழுத்தித் தேய்த்தார். “இறங்கினா பேசறது அவங்கதான். எனக்கு ஞாபகம்கூட இருக்காது. உனக்குச் சந்தேகம் ஏதாவது இருந்தா நேர்லே கேளு.”

மறுநாள் காலை ஊரே மரத்தடியில் கூடியது. இன்தா அம்மா கண்ணை மூடினார், உடம்பை உதறினார், தலைமுடியை ஒரு பக்கமாக வழித்துவிட்டுக்கொண்டு மெல்லிய குரலில் பேசினார்.

“என் கூந்தலைத் தொடாதே. என் உடம்பிலே இரும்பு படக்கூடாது.”

தொழிலாளர்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். ஒருவர் தன் காலடி மண்ணைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டடி போனார். “எதுக்குடா வம்பு, மண்ணுலேயும் கை வைக்கவேணாம். வாங்க, வேற வேலைக்குப் போவோம்,” என்றார் இன்னொருவர். நிகோமின் முகம் சுருங்கியது. தலைவர் எழுத்துகளின் படத்தைச் சோகமாகச் சுருட்டினார். இவ்வளவுதான். மரம் பிழைத்துவிட்டது.

ஆனால் படித்தவர்களுக்கு ஒரு சிறப்பு உண்டு. அரைகுறையாக வெற்றி பெற அவர்களுக்குப் பிடிக்காது. அறிக்கையில் விடுபட்ட ஒரு வரியைச் சேர்க்கிற கவனத்தோடு பைதூன் முன்னால் வந்தார்.

“அம்மா, உங்க காலு? பாதம்? மண்ணுக்குள்ளே இருக்கறது?”

மரத்தம்மா யோசித்தாள்.

“மண்ணா? நான் மரத்திலே இருக்கறவ. மண்ணுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அது இந்த நிலத்தைக் காக்கற இடத்துத் தாத்தாவோடது. அவரைக் கேளு.”

இன்தா அம்மாவின் முதுகு வளைந்தது. குரல் கரகரத்தது.

“எவன்டா எழுப்பினது? இப்பத்தான் கண் அசந்தேன்.”

“நாங்கதான் தாத்தா,” என்று நிகோம் முந்திக்கொண்டார். “கொஞ்சம் தோண்டணும்.”

“எவ்வளவு?”

“ஒரு மீட்டர். நீரூற்றுக்கு மட்டும் ஒண்ணரை.”

“என்னத்துக்கு?”

“பூங்கா கட்டறோம் தாத்தா. விளக்கெல்லாம் வருது.”

“என் பக்கம் விளக்கு உண்டா?”

“ரெண்டு போட்டுடறோம்.”

“தோண்டு.”

மே கானில் வீட்டுக்கு ஒரு தண்ணீர் இணைப்பு வாங்க எட்டு மாதம் ஆகும். இடத்துத் தாத்தா அரை நிமிடத்தில் கோப்பை முடித்தார். தலைவர் நெகிழ்ந்துபோய் பைதூனின் தோளைத் தட்டினார்.

“பார்த்தியா? அங்கேயும் நம்மளை மாதிரியே பிரிவு பிரிச்சுத்தான் வேலை செய்யறாங்க. நிர்வாகம்னா இதுதான்யா!”

கூட்டம் கலைந்ததும் இன்தா அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். “என்ன சொன்னாங்க?”

பைதூன் சொன்னார்.

“அட, அதை ஏன் கேட்டே? கேக்காம விட்டிருந்தா அவங்களா சொல்லியிருக்கமாட்டாங்களே.”

“சந்தேகம் இருந்தா கேளுன்னு நீங்கதானே அம்மா சொன்னீங்க?”

“சந்தேகம் இருந்தாத்தானே! உனக்கு ஏது சந்தேகம்? உனக்குத்தான் தெரியுமே.”

பணி தொடங்கியது. மரத்துக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி முடியாது. அடிமரத்தை மெத்தையால் சுற்றி, மெத்தைமேல் புதுப் பட்டு கட்டினார்கள். பட்டுக்கு வெளியே தங்க நிறத்தில் வேலி. ‘மரத்தைத் தொடாதீர்’ என்று நான்கு பக்கமும் பலகை. வேலிக்கு நான்கடி வெளியே பொக்லைன் இறங்கியது.

வேர்கள் தொடைப் பருமனில் வந்தன. நிகோம் நல்ல வேலைக்காரர். பிய்த்து எறியவில்லை. ரம்பம் வைத்துச் சீராக அறுத்தார். அறுத்த இடத்துக்குச் சிவப்புச் சாயம் பூசினார். அறுத்த துண்டுகளை நீள வரிசைப்படி அடுக்கினார். மின்கம்பிக்கு ஒரு பள்ளம், குழாய்க்கு ஒரு பள்ளம். இரண்டையும் ஒரே பள்ளத்தில் போடலாமே என்று பைதூன் கேட்டார். மின்சாரமும் தண்ணீரும் வேறு வேறு ஒப்பந்தம் என்றார் நிகோம். சந்தைப் பக்கம் அக்காவின் கடை இருந்தது; அதற்கு மறுபக்கத்து வேர்கள் இப்படியே ஏறக்குறைய முழுவதும் போயின. எழுத்துகளுக்கு அடித்தளம் போட்டதில் மிச்சமும் போயிற்று. பிறகு ஆற்று மண்ணை லாரி லாரியாகக் கொண்டுவந்து இடுப்பு உயரத்துக்குக் கொட்டி, ரோலரை நான்கு நாள் ஓட்டினார்கள். மரத்துக்குப் போர்வை போர்த்திவிட்டதாகச் சொன்னார் தலைவர்.

“காலை வெட்டி, கழுத்து வரைக்கும் புதைச்சு, கழுத்திலே நகையும் போட்டாச்சு,” என்றார் புவாகம் அக்கா. “எங்க ஊரிலே பொணத்துக்குத்தான் இவ்வளவு செய்வாங்க.”

தினமும் மாலை ‘மரப் பாதுகாப்புப் படிவத்தில்’ பைதூன் கையெழுத்துப் போடவேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள். அடிமரம், கிளை, இலை. மூன்றிலும் ‘சேதம் இல்லை’. அது முழு உண்மை. ஒரு நாள் மட்டும் அடியில் பொடி எழுத்தில் ‘வேர்: முப்பத்தொன்று வெட்டப்பட்டன’ என்று எழுதிப் பார்த்தார். கட்டத்துக்கு வெளியே எழுதவேண்டாம் என்ற குறிப்போடு படிவம் திரும்பி வந்தது. பைதூன் வேறு படிவம் எடுத்து, கட்டத்துக்குள் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து அழகாக இருப்பதாக நிகோம் பாராட்டினார்.

ஜனவரியில் திறப்புவிழா. ஊரே எழுத்துகளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டது. இடத்துத் தாத்தாவுக்கு இரண்டு விளக்கு எரிந்தது. நகராட்சி சொன்ன சொல் தவறாது.

அந்த வருட மழையில் மரம் தளிர்த்தது, ஆனால் உச்சியில் தளிர்க்கவில்லை. இலைகள் சிறுத்தன. நிழலில் ஓட்டைகள் விழுந்தன. புவாகம் அக்கா முதலில் ஒரு குடை வாங்கினார். பிறகு இன்னொன்று. நகராட்சியும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மரத்துக்கு ஆஸ்பத்திரியில் போல பாட்டில் மாட்டி மருந்து ஏற்றினார்கள். மரத்தின்மேல் இருந்த வெள்ளை விளக்குகளை எடுத்துவிட்டுப் பச்சை விளக்குகள் போட்டார்கள். பொழுது சாய்ந்தபின் எடுத்த படங்களில் மரம் முன்னைவிடச் செழிப்பாக இருந்தது.

அடுத்த மார்ச்சில், பைதூன் அடிமரத்தைச் சுற்றி வந்தார். எழுத்துகள் இருந்த பக்கம் மண்ணில் விரல் நுழையும் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. பட்டுக்கு அடியில் வரிசையாகக் காளான். நேரே அக்காவிடம் போனார்.

“அக்கா, கடையை அந்தப் பக்கம் மாத்திடுங்க.”

“ஏன்?”

“கோடைப் புயல் வரும். எழுத்து இருக்கற பக்கம் வேர்ப் பிடிப்பே இல்லே. விழுந்தா இந்தப் பக்கம்தான் விழும்.”

“சரி, எழுதிக் குடு. மரம் ஆபத்தா இருக்குன்னு நகராட்சி எழுதிக் குடுத்தா எனக்கு எதிர்ப்பக்கம் இடம் தரணும். நானா எழுந்து போனா இடத்தை விட்டுக்குடுத்துட்டேன்னு வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. உனக்குத் தெரியாதா சட்டம்?”

பைதூனுக்குத் தெரியும். ஆபத்து என்று எழுதினால், தொண்ணூறு நாள் ‘சேதம் இல்லை’ என்று எழுதியது யார் என்று கேட்பார்கள் என்பதும் தெரியும்.

“எழுதறேன் அக்கா.”

“எப்போ?”

“தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு.”

தலைவர் நீர்த் திருவிழா ஏற்பாடுகளில் இருந்தார். பைதூன் அவர் அறை வாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் தலைவர் வெளியே வந்து, “என்ன பைதூன், மரமெல்லாம் நல்லா இருக்கா?” என்று கேட்டார்.

“சரிங்க ஐயா,” என்றார் பைதூன்.

புயல் ஏப்ரல் பத்தாம் தேதி பிற்பகலில் வந்தது. பத்து நிமிடம்தான் அடித்தது. மேகம் கறுத்ததுமே புவாகம் அக்கா வாடிக்கையாளர்களைக் கிண்ணத்தோடு கிளப்பி, எதிரே இருந்த அரிசிக்கடைக்குள் தள்ளிவிட்டார். ஒருவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்று சண்டை போட்டார். அவர் வாயை மூடுவதற்குள் நூற்றுப்பத்து வயது மரம் மெத்தை, பட்டு, தங்க வேலி எல்லாவற்றோடும் மெதுவாகப் படுத்தது. அடுப்பு, மேஜை, இரண்டு குடை, இருபத்திரண்டு வருடம், எல்லாம் அடியில். விழுந்த மரத்திலும் பட்டையில் ஒரு கீறல் இல்லை. அடியில் தட்டுப்போல நறுக்கென்று, சாயம் பூசிய வேர்முனைகள் மட்டும் வானத்தைப் பார்த்தபடி நின்றன.

மாவட்டத்திலிருந்து விசாரணைக் குழு வந்தது. குழுத் தலைவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். “தோண்டினா மரம் விழும்னு தெரியுமா?”

“தெரியாதுங்க,” என்றார் நிகோம். “பெரிய மரம். அதோட எடையிலேயே நிக்குதுன்னு நினைச்சேன்.”

“தெரியாது,” என்றார் தலைவர் வொராவிட். “தெரிஞ்சிருந்தா அம்மாவை அப்படி விடுவேனா?”

இன்தா அம்மா வழியாக இடத்துத் தாத்தாவிடமும் கேட்டார்கள். தனக்கு ஆழத்தைத்தான் சொன்னார்கள், வேரைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்று அவர் வாக்குமூலம் கொடுத்தார். மூவரையும் குழு விடுவித்தது. தெரியாமல் செய்தது குற்றமாகாது.

“உங்களுக்கு?”

“தெரியும்,” என்றார் பைதூன்.

“எப்போலேர்ந்து?”

“காலேஜிலே படிச்சதுலேர்ந்து.”

குழுத் தலைவரின் முகம் மலர்ந்தது. நாற்பது வருட அரசுப் பணியில் தெரியும் என்று சொன்ன ஓர் அலுவலரை அவர் அன்றுதான் பார்க்கிறார். நகராட்சிக்கு அறிவுள்ளவர்கள் தேவை என்று குறிப்பு எழுதினார். மே மாதம், நிழல் இல்லாத அதே இடத்தில், பந்தல் போட்டுப் பாராட்டு விழா நடந்தது. பைதூனுக்குப் பதவி உயர்வு. கூடவே கண்ணாடிச் சட்டமிட்ட ஒரு சான்றிதழ்.

அதை எடுத்துக்கொண்டு அவர் புவாகம் அக்காவைத் தேடிப் போனார். அக்கா பேருந்து நிலையத்துச் சுவரோரம், தார்ப்பாயின் கீழ் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் யாரும் இல்லை.

“என்ன எழுதியிருக்கு? மூக்குக்கண்ணாடியைக் காணோம், படி,” என்றார் அக்கா.

பைதூன் படித்தார். “தோண்டினால் மரம் மடியும் என்பதையும், மடிந்தால் எந்தப் பக்கம் விழும் என்பதையும், விழுந்தால் யார்மேல் விழும் என்பதையும், நிகழ்வுக்கு முன்பே முழுமையாகவும் பிழையின்றியும் அறிந்திருந்த ஒரே அலுவலர்.”

அக்கா சான்றிதழை வாங்கினார். தோள்துண்டால் சட்டத்தின் கண்ணாடியில் படிந்த புழுதியைத் துடைத்தார். திருப்பிக் கொடுத்தார்.

“நல்லா இருக்கு தம்பி. குற்றப்பத்திரிகைக்குச் சட்டம் போட்டுக் குடுத்து இப்பத்தான் பார்க்கறேன்.”